வெல்லாதவர்களும் ஓட்டிய பந்தயம்: ஸ்டாக் கார் களத்தின் சுயேச்சை ஓட்டுநர்கள்

ஜே.டி. மெக்டஃபி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்காரர். நாஸ்கார் அமைப்பு நடத்தும் ஸ்டாக் கார் பந்தயங்களின் உச்சப் பிரிவில் 1963 முதல் 1991 வரை 653 முறை களமிறங்கினார்; ஒருமுறைகூட வெல்லவில்லை. வெற்றியே காணாமல் அப்பிரிவில் இத்தனை பந்தயங்கள் ஓட்டியவர் வேறு எவரும் இல்லை. இதை முதன்முறை கேட்பவர், தோற்றுக்கொண்டே இருந்த ஒருவர் எதற்காக 28 ஆண்டுகள் விடாமல் வந்தார், அவருக்குச் சோறு போட்டது எது என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், இந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும். பல ஆண்டுகளாக இதைத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு, கோப்பை தூக்கியவர்களைவிட மெக்டஃபி போன்றவர்களைப் பற்றிப் பேசவே அதிகம் பிடிக்கிறது.

முதலில் அடிப்படை. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடுவது பந்தயத்துக்கென்றே வடிக்கப்பட்ட, சக்கரங்கள் வெளியே தெரியும் வண்டி. ஸ்டாக் கார் என்பது கடையில் விற்கும் காரின் உருவத்தில் ஓடும் வண்டி. 1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா பீச் நகரில், ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் நாஸ்கார் உருவெடுத்தது. 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் நடந்த முதல் பெரிய பந்தயத்தில், கடையில் வாங்கிய காரை அப்படியே ஓட்ட வேண்டும் என்பதுதான் விதி. முதலில் வந்த கிளென் டன்னவே, பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றியமைத்த காரை ஓட்டியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டு, ஜிம் ரோப்பர் வென்றதாக அறிவிக்கப்பட்டார். இன்றைய வண்டிகளுக்கும் ஷோரூம் கார்களுக்கும் முகச்சாயலைத் தவிரப் பெரிய உறவில்லை. ஆனால், பட்டறையில் வேலை தெரிந்த ஒருவர் கையிலிருக்கும் பணத்தில் ஒரு காரைத் தயார் செய்து பெரிய ஓட்டுநர்களோடு மோதலாம் என்ற எண்ணம் அந்த முதல் நாளிலிருந்தே இந்த விளையாட்டில் ஊறிவிட்டது.

நம் ஊர் வாசகர்களில் பலருக்கு நாஸ்கார் என்ற பெயர் 2010-இல்தான் காதில் விழுந்திருக்கும். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அவ்வாண்டு அதன் பிக்கப் டிரக் பிரிவில் ஓட்டி, மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நடந்த தன் முதல் பந்தயத்தில் 13-ஆம் இடம் பிடித்தார். ஆண்டு முடிவில் ரசிகர்களின் வாக்குகளால் அப்பிரிவின் மிகப் பிரபலமான ஓட்டுநராகவும் தேர்வானார். உலகமெங்கும் இருந்து நம்மவர்கள் விழுந்து விழுந்து வாக்களித்ததை அமெரிக்க ரசிகர்கள் சற்றே திகைப்புடன் பார்த்தார்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இனி சுயேச்சைக்கு வருவோம். தேர்தலில் கட்சியின் பணமும் கொடியும் இல்லாமல் நிற்பவரைப் போலத்தான் இவரும். 1960-களில் ஃபோர்டு, கிரைஸ்லர் போன்ற நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த சில அணிகளுக்கு மட்டும் என்ஜினும் பணமும் பொறியாளர்களும் கொடுத்தன. மற்றவர்கள் சொந்தக் கார், சொந்தப் பட்டறை, சொந்தக் கடன் என்று வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உரிமையாளரும் ஓட்டுநரும் தலைமை மெக்கானிக்கும் தாமேயாக இருந்தார்கள். வாரநாள்களில் வேறு வேலைக்குப் போகும் நண்பர்களும் பிள்ளைகளும்தான் பந்தயத்தன்று டயர் மாற்றினார்கள். பணக்கார அணி ஓரிரு முறை ஓட்டிவிட்டுக் கழித்த டயர்களையும் உதிரிபாகங்களையும் வாங்கி ஓட்டுவது சாதாரணமாக நடந்தது.

வருமானம் எங்கிருந்து வந்தது? நாஸ்காரில் பரிசுத்தொகை வென்றவருக்கு மட்டுமன்று, களமிறங்கும் ஒவ்வொருவருக்கும் அவர் முடித்த இடத்துக்கு ஏற்ப உண்டு. ஆகவே சுயேச்சையின் கணக்கு முற்றிலும் வேறு. முன்னால் போகும் காரைத் துரத்தி என்ஜினை வெடிக்க விட்டால், அடுத்த வாரப் பந்தயமே அவருக்கு இல்லை. சற்றுக் குறைந்த வேகத்தில், யாரோடும் உரசாமல், வேகமான கார்கள் வரும்போது வழிவிட்டு, 500 மைல் தூரத்தை ஓட்டி முடித்து 15-ஆம் இடமோ 18-ஆம் இடமோ பிடித்தால், வாடகையும் டயரும் டீசலும் ஈடுகட்டப்படும். திறமை இல்லாததால் மெதுவாகப் போகிறார் என்று புதிய ரசிகர் எண்ணிவிடுவார். மூச்சுவாங்கும் என்ஜினை நான்கு மணி நேரம் உயிரோடு வைத்திருப்பது தனி வித்தை என்பதும், அதை முன்னணி ஓட்டுநர்களில் பலரால் செய்ய முடியாது என்பதும் என் கருத்து.

ஆண்டு முழுவதும் சேர்ந்த புள்ளிகளை வைத்துச் சாம்பியனை முடிவுசெய்த கணக்கும் இதற்குத் துணை நின்றது. பாப் லாட்ஃபோர்ட் என்பவர் வகுத்துக்கொடுத்து 1975 முதல் 2003 வரை நடைமுறையில் இருந்த முறையில் முதல் இடத்துக்கு 175 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 170, இருபதாம் இடத்துக்கு 103, நாற்பதாம் இடத்துக்கு 43. ஒரு பந்தயத்தை வென்று, அடுத்ததில் என்ஜின் வெடித்து நாற்பதாவதாக வெளியேறியவருக்கு மொத்தம் 218 புள்ளி. இரண்டிலும் இருபதாவதாக, யார் கண்ணிலும் படாமல் முடித்தவருக்கு 206. முன்னிலையில் ஓடியதற்கான கூடுதல் புள்ளிகளை விட்டுவிட்டால், வெற்றிக்கோப்பைக்கும் பொறுமைக்கும் இடையே இருந்த தூரம் வெறும் 12 புள்ளிதான். இதை அநியாயம் என்று எழுதியவர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் எல்லாத் தடங்களுக்கும் வந்து நிற்பவரை மதிக்கும் முறை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

இதற்கு முன்பே அந்தப் பொறுமையின் உச்சத்தைக் காட்டியவர் ஜேம்ஸ் ஹில்டன். ரெக்ஸ் வொயிட், நெட் ஜாரெட் ஆகிய சாம்பியன்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர், 1966-இல் தானே முழுநேரமாக ஓட்ட வந்தார். என்ஜின் விதி தொடர்பான சச்சரவில் ஃபோர்டு நிறுவனம் தன் அணிகளை விலக்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த முதல் ஆண்டிலேயே சாம்பியன் பட்டியலில் இரண்டாம் இடம். 1967-லும் 1971-லும் மீண்டும் இரண்டாம் இடம். அந்த மூன்று ஆண்டுகளிலும் அவர் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. 602 பந்தயங்களில் அவருக்குக் கிடைத்த வெற்றிகள் இரண்டு: 1970-இல் ரிச்மண்ட், 1972-இல் டல்லடேகா. டல்லடேகாவில் அவருக்கு அடுத்து வந்த ரேமோ ஸ்டாட்டும் பெரிய அணியின் பின்பலம் இல்லாதவர்தான். 2007-இல், 72 வயதில், நாஸ்காரின் மிகப் புகழ்பெற்ற பந்தயமான டேடோனா 500-க்குத் தகுதி பெற முயன்று மயிரிழையில் தவறவிட்டார். 2018-இல் ஒரு பந்தயம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் நடந்த சாலை விபத்தில் மகனோடு உயிரிழந்தார்; அந்த வயதிலும் அவர் ஓர் அணியை நடத்திக்கொண்டிருந்தார்.

வெண்டல் ஸ்காட்டின் கதை இன்று ஓரளவு தெரிந்ததுதான் என்றாலும், அதில் இருக்கும் ஒரு நுணுக்கத்தைத் தொடக்க ரசிகர் கவனிக்க வேண்டும். வர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த இந்தக் கறுப்பின ஓட்டுநர், இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்து, பின் டாக்ஸி ஓட்டி, கள்ளச்சாராயம் கடத்திப் பழகி, 1961-இல் உச்சப் பிரிவுக்கு வந்தார். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் பிட் குழு அவருடைய மகன்கள்தான். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லின் மண் தடத்தில், நெட் ஜாரெட்டிடமிருந்து வாங்கிய செவ்ரலே காரில் அவர் எல்லோரையும் முந்தி ஓடினார். ஆனால் முடிவுக் கொடி அவருக்குக் காட்டப்படவில்லை. பக் பேக்கர் வென்றதாக அறிவிக்கப்பட்டு, கோப்பையும் அவர் கைக்குப் போய்விட்டது. ஸ்காட் முறையிட, கணக்கு மறுபடி பார்க்கப்பட்டு, கூட்டம் கலைந்த பிறகு, இரண்டு சுற்று வித்தியாசத்தில் வென்றவர் ஸ்காட்தான் என்று ஒப்புக்கொண்டார்கள்.

சுற்றுக் கணக்கில் அப்படி எப்படித் தவற முடியும்? அந்தக் காலத்தில் கார்களில் மின்னணுக் கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு காருக்கும் ஒருவர் மேடையில் உட்கார்ந்து, தம் கார் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எதிரிலிருக்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தாளில் குறிக்க வேண்டும். இதைச் செய்தவர்களில் பெரும்பங்கினர் ஓட்டுநர்களின் மனைவிமார். கணவன் புழுதிக்கும் புகைக்கும் நடுவே காணாமல் போகும் நேரத்திலும் கண்ணைத் தடத்திலிருந்து எடுக்காமல், நூற்றுக்கணக்கான சுற்றுகளை ஒன்றுவிடாமல் எழுதி முடித்த அந்தப் பெண்களின் தாள்களில்தான் 1990-களில் சுற்றுகளைத் தானே பதிவுசெய்யும் டிரான்ஸ்பாண்டர் என்ற மின்னணுக் கருவி வரும்வரை நாஸ்காரின் முடிவுகள் அனைத்தும் தங்கியிருந்தன. அவர்கள் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் ஜாக்சன்வில் கணக்கு வெறும் கைப்பிழைதான் என்று ஸ்காட்டின் குடும்பம் ஒருநாளும் நம்பவில்லை; வெள்ளைக்காரப் பெண் கையால் கறுப்பினத்தவர் கோப்பை வாங்குவதைக் காட்ட விரும்பாததே காரணம் என்றார்கள். அந்த ஊரும் காலமும் தெரிந்தவர்களுக்கு அதை மறுப்பது கடினம். ஸ்காட் 1990-இல் இறந்தார். 2015-இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021 ஆகஸ்டில்.

சுயேச்சைகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 1969 செப்டம்பர் 14 அன்று தெரிந்தது. அலபாமாவில் புதிதாகக் கட்டப்பட்ட டல்லடேகா தடத்தில் வேகம் எகிறி டயர்கள் கிழிந்தன. உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று ரிச்சர்ட் பெட்டி தலைமையிலான ஓட்டுநர் சங்கத்தினர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் டிக்கெட் விற்றாகிவிட்டது. மிஞ்சிய சிலரையும், முந்தைய நாள் சிறிய கார்களில் ஓடியவர்களையும் வைத்துப் பில் ஃபிரான்ஸ் பந்தயத்தை நடத்தினார். ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் வென்றார். அன்று காமரோ காரில் ஓடிய ஓர் இளைஞர், சிறுவயதில் வின்ஸ்டன்-சேலம் நகரின் பந்தய அரங்கில் வேர்க்கடலை விற்றவர், 20 டாலருக்கு வாங்கிய பழைய டாக்ஸியில் ஓட்டத் தொடங்கியவர். அவர் பெயர் ரிச்சர்ட் சில்ட்ரெஸ். 285 பந்தயங்களில் அவரும் ஒன்றைக்கூட வெல்லவில்லை. 1981 ஆகஸ்டில் தன் இருக்கையிலிருந்து தானே இறங்கி, டேல் எர்ன்ஹார்ட்டை அதில் உட்கார வைத்தார். பின்னாளில் இருவரும் சேர்ந்து ஆறு சாம்பியன் பட்டங்கள் வென்றார்கள். தன்னைவிட நன்றாக ஓட்டக்கூடியவர் இன்னொருவர் என்று ஒத்துக்கொள்ளும் ஓட்டுநர் அபூர்வம்.

ஒரே ஒரு பந்தயத்தைக் காட்டி இதையெல்லாம் விளக்கச் சொன்னால் நான் 1973-ஐத்தான் எடுப்பேன். டெட்ராய்ட்டில் டாக்ஸி ஓட்டிய பென்னி பார்சன்ஸ், வட கரோலினாவின் எல்லர்பி என்ற சிற்றூரில் இயங்கிய எல்.ஜி. டெவிட்டின் சிறு அணிக்காக அவ்வாண்டு ஓட்டினார். பார்சன்ஸ் வென்றது ஒரே ஒரு பந்தயம், பிரிஸ்டலில். அதிலும் ஜூலை வெயிலில் காருக்குள் அடித்த வெக்கை தாங்காமல் அவர் இறங்க, ஜான் அட்ஸ்மன் என்ற அந்தப் பகுதி ஓட்டுநர் இடையில் ஏறி ஓட்டிக்கொடுத்தார். காரைத் தொடங்கியவருக்கே முடிவு சேரும் என்பது நாஸ்கார் விதி. வெற்றி பார்சன்ஸ் பெயரில் ஏறியது, அட்ஸ்மன் பெயர் அடிக்குறிப்பில் நின்றது. ஆண்டின் கடைசிப் பந்தயம் அக்டோபரில் ராக்கிங்ஹாமில் நடந்தபோது, புள்ளிப் பட்டியலில் பார்சன்ஸ் முன்னிலையில் இருந்தார்.

பதின்மூன்றாவது சுற்றில் முன்னால் நடந்த மோதலில் சிக்கி, அவர் காரின் வலப்பக்கம் அப்படியே பிய்ந்துபோனது. ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டின் குழாய்கள் கூடக் கழன்று, வெளியிலிருந்து பார்த்தால் இருக்கை தெரிந்தது. சாதாரண நாளில் அத்துடன் கதை முடிந்திருக்கும். ஆனால் அன்று மற்ற அணிகளின் மெக்கானிக்குகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அந்தக் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். பாபி மாஸ்குரோவர் என்பவரின் கார் தகுதி பெறாமல் ஓரத்தில் நின்றிருந்தது. அதன் குழாய்களை வெட்டியெடுத்துப் பார்சன்ஸ் காரில் வைத்துப் பற்றவைத்தார்கள். வலப்பக்கத் தகடே இல்லாமல், உள்ளே குழாய்கள் பளிச்சென்று தெரிய, 136 சுற்றுகள் பின்தங்கிய நிலையில் அந்தக் கார் மறுபடி தடத்தில் ஏறியபோது அரங்கமே எழுந்து நின்றது. அவர் 28-ஆவதாக முடித்தார். கேல் யார்பரோவை முந்திச் சாம்பியன் ஆவதற்கு அது போதுமானதாக இருந்தது. பார்சன்ஸின் பெயர் பொறித்த பட்டத்தில் அட்ஸ்மனுக்கும், மாஸ்குரோவரின் காருக்கும், பெயர் தெரியாத பற்றவைப்பாளர்களுக்கும் பங்கு உண்டு.

டேவ் மார்சிஸைச் சொல்லாமல் விட்டால் பழைய ரசிகர்கள் கோபிப்பார்கள். விஸ்கான்சின்காரரான இவர் 883 பந்தயங்கள் ஓட்டி ஐந்து வென்றவர். எல்லோரும் தீப்பிடிக்காத பந்தயக் காலணி அணிந்தபோது, காலைச் சுடும் தரைத்தகட்டுக்குத் தடித்த தோல்தான் சரி என்று அலுவலகத்துக்குப் போகிறவர் போடும் மெருகேற்றிய ஷூவுடன் காரில் ஏறினார். 1982-இல் ரிச்மண்டில், மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட பந்தயத்தைத் தன் சொந்தக் காரில் வென்றார். கடைசியாக 2002 டேடோனா 500-இல், 60 வயதில் ஓடினார். அவருடைய மாநிலத்திலிருந்தே வந்த பொறியியல் பட்டதாரி ஆலன் குல்விக்கி, பெரிய அணி கொடுத்த வேலையை மறுத்துவிட்டுத் தன் சிறு அணியுடன் 1992 பட்டத்தைப் பத்தே புள்ளி வித்தியாசத்தில் வென்றது தனிக் கட்டுரைக்குரியது.

மெக்டஃபிக்கு வருவோம். வாயில் சுருட்டுடன் படங்களில் காணப்படும் அவருக்கும் ஒரு பெரிய நாள் இருந்தது. 1978-இல் டோவர் தடத்தில், மற்றவர்கள் குட்இயர் டயரில் ஓட, அவர் தகுதிச் சுற்றில் மெக்கிரேரி என்ற வேறு நிறுவனத்தின் டயர்களைப் போட்டு, அத்தனை பணக்கார அணிகளையும் முந்தி, பந்தயத்தை முதல் வரிசையில் முதல் ஆளாகத் தொடங்கும் ‘போல் பொசிஷன்’ எடுத்தார். அவர் வாழ்நாளில் பெற்ற ஒரே போல் பொசிஷன் அது. 1991 ஆகஸ்ட் 11 அன்று வாட்கின்ஸ் கிளென் தடத்தில், ஐந்தாவது சுற்றில், வேகமாக இறங்கும் வளைவை நோக்கிப் போகையில் காரின் சக்கரம் கழன்றது. கார் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. அதே விபத்தில் சிக்கிய ஜிம்மி மீன்ஸ், தன் காரிலிருந்து இறங்கி ஓடிப்போய் மெக்டஃபியின் காருக்குள் குனிந்து பார்த்து, உதவிக்குக் கையசைத்து அழைத்தார். மீன்ஸும் சுயேச்சைதான், 455 பந்தயங்கள், வெற்றி ஏதுமில்லை. மெக்டஃபி அங்கேயே இறந்தார். அந்த நேர்த்தடத்தில் வேகத்தைக் குறைக்க அடுத்த ஆண்டே ஒரு வளைவுப் பாதையைச் சேர்த்தார்கள். இன்றும் எல்லாக் கார்களும் அங்கே பிரேக் அடித்துத்தான் திரும்ப வேண்டும்.

இன்று சுயேச்சைகள் எங்கே? 2000-களில் செலவு கட்டுக்கடங்காமல் போனபோது, சில சுற்றுகள் மட்டும் ஓடிவிட்டு, டயரும் என்ஜினும் தேயும் முன்பே காரை ஓரங்கட்டி, கடைசி இடத்துக்கான பரிசை வாங்கிக்கொண்டு போகும் பழக்கம் பரவியது. அதை ஏளனம் செய்தவர்கள் அதிகம். நானும் அதை ரசித்ததில்லை. ஆனால் முழுத் தூரம் ஓடினால் நஷ்டம் என்ற கணக்கை எழுதியவர்கள் அந்த ஓட்டுநர்கள் அல்லர். 2016-இல் சார்ட்டர் முறை வந்தது. 40 கார்கள் கொண்ட களத்தில் 36 இடங்கள் சார்ட்டர் வைத்திருக்கும் அணிகளுக்கு உறுதி. ஒரு சார்ட்டரின் விலை இப்போது கோடிக்கணக்கான டாலர். மீதி நான்கு இடங்கள்தான் வெளியாருக்கு.

இப்படி வெளியாராக நிற்போரின் நிலைக்கு, சார்ட்டர் வருமுன்பே நடந்த கார்ல் லாங் என்பவரின் கதை ஒன்றே போதும். 2009 மே மாதம் சார்லட்டில், புள்ளிகளே இல்லாத ஒரு துணைப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவருடைய என்ஜின் வெடித்தது. அதைப் பிரித்து அளந்த அதிகாரிகள், அனுமதிக்கப்பட்ட 358 கன அங்குலத்தைவிட, ஒரு கன அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு அது பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். வெளியில் விலைக்கு வாங்கிய, ஓடித் தேய்ந்த என்ஜின் அது. அவர் அணிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 2,00,000 டாலர், அதுவரை நாஸ்கார் விதித்ததிலேயே மிகப் பெரிய தொகை. பணம் கட்ட வழியில்லாததால், உச்சப் பிரிவின் பட்டறைப் பகுதிக்குள் அவர் நுழையவே முடியாமல் போனது. கீழ்ப் பிரிவுகளில் ஓட்டியும், மற்றவர்களுக்குக் கார் தயாரித்தும் காலம் தள்ளிய லாங், 2017-இல் தன் சொந்தச் சிறு அணியின் காரை ஓட்டிக்கொண்டு கன்சாஸ் தடத்தில் மீண்டும் உச்சப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.